மைனஸ் எட்டு

ஜூன் 3, திங்கள்

ஒன்பது நாள் கழித்து இன்று காலை குழாயில் தண்ணீர் வந்தது. குடம், வாளி, குக்கர் என்று பாத்திரம் என்று பேர் உள்ள எல்லாவற்றிலும் பிடித்து வைத்துவிட்டுக் கிளம்பியதில் ஆபீசுக்கு முக்கால் மணி நேரம் தாமதம். உள்ளே நுழைந்ததுமே தெய்வசிகாமணி சார் கூப்பிட்டார். அவர்தான் முதலாளி. சாதாரண நாளில் நான் அவருக்குக் கோகிலா. இன்று "கோகிலவாணி, உள்ள வாங்க" என்றார். முழுப் பேர் வந்தால் ஏதோ விஷயம் இருக்கிறது என்று அர்த்தம்.

நாமக்கல் பக்கம் ஒரு ஹேச்சரியிலிருந்து புகார். முட்டை அடைகாக்கும் மிஷின்களில் சூட்டைக் கட்டுப்படுத்தும் போர்டு எங்கள் கம்பெனி செய்து கொடுத்தது. அதற்குள் ஓடும் புரோகிராம் நான் எழுதியது. அவர்களுடைய நான்காம் மிஷினுக்குப் போன மாதம்தான் எங்கள் போர்டு மாட்டினார்கள். முதல் தடவை வைத்த பத்தொன்பதாயிரம் முட்டையில் நூற்றுக்கு முப்பதுதான் பொரிந்ததாம். எப்போதும் எண்பத்தைந்து பொரியுமாம். மிச்சமெல்லாம் ஓட்டுக்குள்ளேயே செத்துவிட்டன.

சர்வீஸ் ஆள் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான். போர்டு காட்டிய சூடு முதல் நாளிலிருந்து கடைசி வரை 99.5 பாரன்ஹீட், வேண்டிய அளவேதான். ஒரு புள்ளி நகரவில்லை. ஆனால் ஆபரேட்டர் யாரிடமும் கேட்காமல் காற்று மூடியைத் திறந்துவிட்டிருக்கிறார். ஈரம் போய் முட்டை காய்ந்துவிட்டது என்று அறிக்கை எழுதியிருக்கிறான். "நம்ம பக்கம் ஒண்ணுமில்லை, இருந்தாலும் ஒரு தடவ போர்டைப் பாத்துருங்க" என்றார் சார்.

நம் தப்பில்லை என்று தெரிந்ததும் நன்றாகப் பசித்தது. எதிர்க்கடையில் இரண்டு வாழைக்காய் பஜ்ஜி வாங்கிச் சாப்பிட்டேன்.

ஜூன் 5, புதன்

என் வேலை என்னவென்று வீட்டில் ஒருவருக்கும் புரியாது. இவருக்கே பத்து வருஷமாகப் புரியவில்லை. அதனால் எனக்கு நானே ஒரு தடவை சொல்லிக்கொள்கிறேன்.

ரேடியோவில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கத் திருகுவோமே, அந்தக் குமிழ் மாதிரி ஒரு சிப். டிஜிட்டல் பொட்டென்ஷியோமீட்டர் என்று பேர். திருக விரல் வேண்டாம், புரோகிராம் சொன்னால் போதும். பத்தாயிரம் ஓம் என்று போட்டு விற்பார்கள். ஆனால் எந்தச் சிப்பும் துல்லியமாகப் பத்தாயிரம் இருக்காது, கொஞ்சம் கூட இருக்கும், கொஞ்சம் குறைய இருக்கும். எத்தனை சதவீதம் கூட, எத்தனை சதவீதம் குறைவு என்று செய்யும் இடத்திலேயே அளந்து, அந்தச் சிப்பின் நினைவகத்திலேயே எழுதி அனுப்புகிறார்கள். சாதகம் எழுதிக் கையில் கொடுத்து அனுப்புகிற மாதிரி.

முன்பெல்லாம் ஒவ்வொரு போர்டையும் வெந்நீரில் தெர்மாமீட்டரோடு வைத்துச் சரிபார்ப்போம். ஒன்றுக்கு இருபது நிமிஷம். சிப்பே தன் குறை நிறையைச் சொல்லும்போது வெந்நீர் எதற்கு, அதைப் படித்துக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாமே என்று சொன்னது நான். போன ஆயுத பூஜையன்று சார் எல்லோர் முன்னாலும் அதைச் சொல்லிக் கைதட்டச் சொன்னார். கூச்சமாக இருந்த மாதிரி நடித்தேன்.

சர்வீஸ் ஆள் கழற்றிக்கொண்டு வந்த நாமக்கல் போர்டை இன்று படித்தேன். எட்டு என்று வந்தது. எட்டு சதவீதம் கூட. கணக்கு சரியாக இருக்கிறது. 'போர்டில் குறை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பக்கத்து மேசையில் போர்டுகளைச் சோதிக்கும் ஜெசிந்தா எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, நம்ம புரோகிராம் வழியாப் படிச்சீங்களா, சிப்புல நேராப் படிச்சீங்களா?"

"ஏன், உனக்கு வேற வேலை இல்லையா?"

"இல்லக்கா, சும்மா கேட்டேன்."

அவள் எதையும் சும்மா கேட்கிற ஆள் இல்லை. அது தெரிந்ததால்தான் எனக்கு அப்படிக் கோபம் வந்தது.

ஜூன் 6, வியாழன்

ஜெசிந்தாவிடம் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மாவு புளித்துவிட்டது. ஊத்தப்பம்.

ஜூன் 8, சனி

அரை நாள் ஆபீஸ். எல்லோரும் போன பிறகு அந்தச் சிப்பைப் போர்டிலிருந்து கழற்றி எடுத்து மீட்டர் வைத்தேன். எட்டு சதவீதம் கூட என்றால் பத்தாயிரத்து எண்ணூறு காட்ட வேண்டும். ஒன்பதாயிரத்து இருநூறு காட்டியது. மீட்டரில் பேட்டரி இறங்கிவிட்டதோ என்று வேறு மீட்டர் எடுத்தேன். அதே ஒன்பதாயிரத்து இருநூறு.

பிறகுதான் சிப்பை நேராகப் படித்தேன். எட்டு வரவில்லை. நூற்று முப்பத்தாறு வந்தது.

நூற்று முப்பத்தாறு என்றால் நூற்று இருபத்தெட்டும் எட்டும். எட்டுதான் அளவு. நூற்று இருபத்தெட்டு என்பது அந்த எண்ணின் தலையில் குறியாக நிற்கும் ஒரே ஒரு பிட். அந்தப் பிட் இருந்தால் மைனஸ் என்று அர்த்தம். எட்டு சதவீதம் கூட இல்லை, எட்டு சதவீதம் குறைவு. என் புரோகிராம் தலையை வெட்டிவிட்டு உடம்பை மட்டும் படித்திருக்கிறது. குறைய இருப்பதைக் கூட இருப்பதாக எடுத்துக்கொண்டதில் மொத்தம் பதினாறு சதவீதம் தப்பு. சூட்டில் அது இரண்டு டிகிரிக்கு மேல் வருகிறது. போர்டு 99.5 என்று காட்டிக்கொண்டிருந்தபோது உள்ளே நூற்று ஒன்றரையைத் தாண்டி வெந்திருக்கின்றன அந்த முட்டைகள்.

சிப்புகள் நாடாவில் ஒட்டிச் சுருளாக, ரீலாக வரும். நாங்கள் முதலில் வாங்கிய ரீலில் இருந்த சிப்புகள் எல்லாம் பத்தாயிரத்துக்குக் கூட இருந்தவை. மைனஸ் சிப்பே கையில் வராததால் இந்தத் தப்பு வெளியே தெரியவில்லை. யாருக்கும் நடக்கக்கூடியதுதான்.

திரும்பும் வழியில் மளிகை வாங்க வேண்டியது. மறந்துவிட்டேன்.

ஜூன் 10, திங்கள்

சாரிடம் சொன்னேன். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது சார்."

"புரோகிராமைத் திருத்துங்க. எல்லா கஸ்டமருக்கும் அப்டேட்டுன்னு சொல்லிப் போட்டு விட்டரலாம். காரணம் ஒண்ணும் எழுத வேண்டாம்."

"நாமக்கல் ஹேச்சரிக்கு என்ன சார் சொல்றது?"

"அவங்க அந்த ஆபரேட்டரை அனுப்பிட்டாங்க கோகிலா. அதோட அவங்களுக்கு அந்த விஷயம் முடிஞ்சுது. நாம போயி இல்லீங்க, நாங்கதான்னு சொன்னா நாளைக்கு ஒருத்தன் நம்ம போர்டை வாங்குவானா? இங்க இருபத்தெட்டு குடும்பம் இருக்குது."

அனுப்பிவிட்டார்கள் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். பேர் பொங்கியண்ணன் என்றும் பதினேழு வருஷமாக அங்கேயே இருந்தவர் என்றும் சர்வீஸ் ஆள் சொன்னான். பேரைக் கேட்காமல் இருந்திருக்கலாம்.

ஜூன் 12, புதன்

திருத்த நான்கு நிமிஷம் ஆனது. ஒரு வரியை எடுத்துவிட்டு இரண்டு வரி சேர்த்தேன். இதுவரை விற்றதில் மைனஸ் சிப் உள்ளவை இன்னும் இரண்டு. நல்லவேளை, இரண்டும் பெட்டி பிரிக்காமல் கடையிலேயே கிடந்தன, திரும்ப வாங்கியாயிற்று. இனி ஒரு முட்டையும் வேகாது.

அப்டேட் குறிப்பில் 'செயல்திறன் மேம்படுத்தப்பட்டுள்ளது' என்று எழுதினேன். எழுதிவிட்டுச் சிரிப்பு வந்தது. சிரித்ததற்குப் பிறகு என் மூஞ்சியை எனக்கே பிடிக்கவில்லை.

ஜூன் 14, வெள்ளி

பொங்கியண்ணன் மேல்தான் தப்பு என்று காட்டுவதற்காக ஹேச்சரியின் நோட்டுப் புத்தகத்தை சர்வீஸ் ஆள் போட்டோ எடுத்து அறிக்கையோடு வைத்திருந்தான். ஃபைலை மூடி வைக்க வேண்டும் என்று எடுத்தவள் படித்துத் தொலைத்தேன். குண்டு குண்டான எழுத்து. அப்படியே இங்கே எழுதிக்கொள்கிறேன்.

'6ம் நாள். 4ம் மிசின் முட்டை சூடா இருக்கு. கண்ணு மேல வெச்சு பாத்தேன். மேனேசர் கிட்ட சொன்னேன்.'

'8ம் நாள். இன்னிக்கும் சூடு. 3ம் மிசின் முட்டையும் 4ம் மிசின் முட்டையும் ரெண்டு கண்ணுலயும் வெச்சு பாத்தேன். 4 தான் சூடு. மீட்டர் சரியா இருக்குன்னு சொல்றாங்க.'

'9ம் நாள். பழைய தெர்மாமீட்டர் கேட்டேன். புது போர்டு வந்ததுல எடுத்து போட்டாச்சுன்னு சொன்னாங்க.'

'12ம் நாள். மனசு கேக்கல. காத்து மூடி கொஞ்சம் தொறந்தேன்.'

கடைசியில் வேறு பேனாவில்: 'யாரையும் கேக்காம மூடி தொறந்தது என் தப்பு. மீட்டர் சரி. என் கண்ணு தப்பு.' கீழே கையெழுத்து.

முட்டையை எடுத்து மூடிய இமைமேல் வைத்துப் பார்ப்பது அந்த வேலைக்காரர்களின் பழக்கமாம். கையைவிட இமைக்குச் சூடு நன்றாகத் தெரியுமாம். சர்வீஸ் ஆள் அதைச் சொல்லிச் சிரித்தான். நானும் அதற்கு ஒரு சிரிப்புச் சிரித்து வைத்தேன்.

ஜூன் 16, ஞாயிறு

துணி துவைத்தேன். மிக்ஸி ஜாரைக் கழற்றிக் கழுவினேன். பீரோவில் இருந்த புடவைகளை வெளியே எடுத்து மறுபடி அதேபோல மடித்து வைத்தேன்.

"இன்னிக்கு என்ன இப்படிப் பம்பரமாச் சுத்தறே?" என்றார் இவர்.

"வேலைல ஒரு தப்பு பண்ணிட்டேன்."

"யாருதான் பண்ணல? தெரியாமப் பண்ணினதுதான?"

ஆமாம் என்றேன். எட்டாம் தேதியும் இதே நோட்டில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன், யாருக்கும் நடக்கக்கூடியது என்று. புருஷனிடம் பொய் சொல்லலாம். பூட்டி வைக்கும் நோட்டிலும் பொய் எழுதுகிறவளை என்னவென்று சொல்வது?

நடந்தது இதுதான். போன வருஷம் மார்ச்சில் ஜெசிந்தா என்னைக் கூப்பிட்டு ஒரு போர்டைக் காட்டினாள். அதில் நூற்று நாற்பதோ என்னவோ வந்திருந்தது. "அக்கா, இது புது ரீல் சிப். நூத்தி நாப்பது சதவீதம் எப்படிக்கா கூட வரும்? மீட்டர் வெச்சு அளந்து பாத்துரலாமா?" என்றாள். மறுநாள் காலை கஸ்டமர்கள் வந்து பார்ப்பதாக இருந்தது. எங்கே தப்பென்று கண்டுபிடிக்க அரை நாள் ஆகும். அதுவும் வெந்நீரே வேண்டாம் என்று வாய்வீச்சாகச் சொன்னவள் நான். தலைப் பிட்டை மறைக்க ஒரு வரி சேர்த்தேன். நூற்றுச் சொச்சம் போய்ப் பன்னிரண்டு வந்தது. பன்னிரண்டு பார்க்க நன்றாக இருந்தது. "பாரு, சரியாயிடுச்சு" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு "சரிக்கா" என்றாள்.

ஏன் அந்தப் பிட் வந்தது என்று அந்தச் சிப்பின் கையேட்டில் ஒரு பக்கம் திருப்பியிருந்தால் தெரிந்திருக்கும். தெரிந்துகொள்ள வேண்டாம் என்றுதான் திருப்பவில்லை. ஐந்தாம் தேதி தெரிந்தே புரோகிராம் வழியாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டதும் அதனால்தான்.

எழுதிவிட்டேன். மனசு லேசாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை.

ஜூன் 19, புதன்

தலைவலி என்று லீவு சொல்லிவிட்டு ஈரோடு பஸ் ஏறி, அங்கே மாறி நாமக்கல் போனேன். சர்வீஸ் ஆளிடம் ஊரை மட்டும் கேட்டு வைத்திருந்தேன். சேந்தமங்கலம் போகும் வழியில் இறங்கி விசாரித்தால் வீட்டைக் காட்டுகிறார்கள். காட்டின டீக்கடைக்காரர், "அந்தக் குஞ்சுகளைக் கொன்னு போட்டு வந்தாரே, அவருதானுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் காட்டினார்.

பொங்கியண்ணனுக்கு ஐம்பது வயது இருக்கும். ஒல்லியான ஆள். வாசலில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுச் செயின் மாட்டிக்கொண்டிருந்தார். கோயமுத்தூரிலிருந்து, போர்டு செய்யும் கம்பெனியிலிருந்து என்றதும் எழுந்து நின்றுவிட்டார்.

"நாந்தான் எழுதிக் குடுத்துட்டனுங்களே மேடம். இன்னும் எங்கியாச்சும் கையெழுத்துப் போடோணுமுங்களா?"

"இல்லீங்கண்ணா. அந்த மிஷின்ல சூடு அதிகமாத்தான் இருந்துச்சு. எங்க போர்டு தப்பாக் காட்டிருச்சு. அதச் சொல்லத்தான் வந்தேன்."

அவர் கையிலிருந்த எண்ணெயைத் துண்டில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அப்ப சூடு நெசந்தானுங்களா?"

"நெசந்தாங்கண்ணா."

"ஏனுங் மேடம், நல்லாப் பாத்தீங்களா? ரெண்டு டிகிரி இருக்குமுங்களா?"

"ரெண்டுக்கு மேலயே இருந்துச்சு."

"நானும் ரெண்டுன்னுதானுங்க நெனச்சேன்." வீட்டுக்குள் திரும்பி, "தங்கமணி! இங்க வா. சூடு நெசந்தானாமா!" என்று கத்தினார். அவர் மனைவி கை ஈரத்தோடு ஓடி வந்தார்.

"இந்த மனுசன் இத்தன நாளாச் சொந்தக் கண்ண நம்பறதில்ல கண்ணு" என்றார் தங்கமணி என்னிடம். "சோறு சூடா இருக்குதா, ஆறிப்போச்சான்னு என்னையக் கேக்கறாரு. வேற ஹேச்சரில கூப்டாங்க. எனக்குச் சூடு பாக்கத் தெரியாதுன்னு சொல்லிப்போட்டு வந்துட்டாரு."

பொங்கியண்ணன் அழுதார். பெரிய மனிதர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. அழுது முடித்ததும் இரண்டு கையையும் சேர்த்து என்னைப் பார்த்துக் கும்பிட்டார். "எங்கியோ இருந்து பஸ் ஏறி வந்து சொல்றீங்களே. நீங்க நல்லா இருக்கோணுமுங்க" என்றார்.

"சிப்புல கோளாறுங்கண்ணா" என்றேன்.

சொல்ல வந்தது அதுவல்ல. பஸ்ஸில் மூன்றரை மணி நேரமாக மனப்பாடம் செய்துகொண்டு போனது வேறு. அந்தக் கைகளைப் பார்த்ததும் வாயில் அதுதான் வந்தது. இல்லை, அதுவும் பொய். அந்த வாழ்த்து எனக்கு வேண்டியிருந்தது, விட்டுவிட மனமில்லை. என் போன் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஜூன் 21, வெள்ளி

பொங்கியண்ணன் போன் செய்தார். ஹேச்சரி முதலாளியிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். அவர் நம்பவில்லையாம். "அந்தம்மா நேர்ல வந்து என்ற முன்னால சொல்லட்டும், அப்பப் பாக்கலாம்" என்றாராம். "நாளைக்கு ஒரு எட்டு வர முடியுமுங்களா மேடம்? நீங்க சொன்னா வேலை கெடச்சுருமுங்க."

வருகிறேன் என்றேன். ஜெசிந்தாவை மட்டும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். "அன்னிக்கே நானும் அளந்து பாத்திருக்கலாம்கா" என்றாள். இல்லை, உன்னை அளக்க விடாதது நான் என்றேன். அவளிடம் சொல்ல முடிந்தது. அவள் என்னைக் கும்பிட்டிருக்கவில்லை.

சாருக்கு ஒரு கடிதம் எழுதி, நடந்ததை மார்ச்சிலிருந்து முழுதாகச் சொல்லி, நாளை எங்கே போகிறேன் என்பதையும் எழுதி அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். வேலை போகலாம். போனால் போகட்டும் என்று தைரியமாக எழுத ஆசையாக இருக்கிறது. உண்மையில் பாதி வழியில் நின்று, திரும்பிப் போய் அதை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன்.

ஜூன் 22, சனி

ஹேச்சரி ஆபீஸ் அறையில் முதலாளி, மேனேஜர், இரண்டு ஆபரேட்டர்கள். பொங்கியண்ணன் வெளுத்த சட்டை போட்டு, தலையை வாரிச் சுவரோரமாக நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

மீட்டர் வைத்து அளந்த கணக்கை எடுத்துக் காட்டினேன். உள்ளே இருந்த சூடு எவ்வளவு, டிஸ்ப்ளே காட்டியது எவ்வளவு என்று சொன்னேன். முதலாளி இரண்டு தடவை கேட்டுப் புரிந்துகொண்டார். மேனேஜர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப சிப்புலதான் கோளாறு" என்றார் முதலாளி. "எங்கியோ வெளிநாட்டுல செய்யறான். அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க, நாங்க என்ன பண்ணுவோம்? சரி, பொங்கியண்ணா, திங்கக்கெழமையிலருந்து வந்துரு."

பொங்கியண்ணன் முகம் மலர்ந்தது. அதோடு முடிந்துவிட்டது. அவருக்கு வேலை கிடைத்துவிட்டது, பேர் திரும்பிவிட்டது, எல்லோரும் எழுந்திருக்கப் பார்த்தார்கள். நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு கிளம்பியிருந்தால் போதும்.

"சிப்புல கோளாறு இல்லீங்க" என்றேன். "மைனஸ் எட்டுன்னு சிப் சரியாத்தான் சொல்லுச்சு. அதை நான்தான் மறைச்சேன். போன வருஷமே ஒரு போர்டுல இது மாதிரி வந்துச்சு. ஏன்னு பாக்க அரை நாள் ஆகும்னு ஒரு வரி எழுதி மறைச்சுட்டேன். இந்தத் தடவை போர்டு திரும்பி வந்தப்பவும், தெரிஞ்சும் தெரியாத மாதிரி, குறை இல்லைன்னு கையெழுத்துப் போட்டேன். சிப்பும் சொல்லுச்சு, இவரும் சொன்னாரு. ரெண்டு பேரும் சொன்னது நிஜம்."

முதலாளி என்னைப் பார்த்த பார்வையை எழுத வேண்டாம். "உங்க ஓனர்கிட்டப் பேசிக்கறேன்" என்று மட்டும் சொன்னார். நான் பார்த்தது பொங்கியண்ணனை. அவர் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் பிறகு போயிற்று.

கேட் வரைக்கும் கூடவே வந்தார். அவர்கள் வழக்கம் அது, வந்தவரை வழியனுப்பாமல் விடமாட்டார்கள். நாமக்கல் பஸ் எந்தப் பக்கம் நிற்கும் என்று கையைக் காட்டினார். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் சொன்னார்.

"வேலை போனதுகூடப் பரவால்லீங்க மேடம். அன்னிக்கு ஊட்டு வாசல்ல உங்களக் கையெடுத்துக் கும்பிட்டனுங்க. அப்பவாச்சும் கையைப் புடிச்சு நிறுத்தியிருக்கலாமுங்க."

பஸ் வந்தது. அவர்தான் கைகாட்டி நிறுத்தினார்.